நிறுத்திய மாத்திரைக்குப் பின்னால் ஒரு காரணம்

"இருமல் தாங்க முடியலை, நிறுத்திட்டேன்." "கால் ரெண்டும் வீங்கிடுச்சு, கிட்னிக்குப் போயிடும்னு பயந்து விட்டுட்டேன்." "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மருந்து?"

சிரம்பானில் அம்பாங்கான் பக்கம், ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு இப்போது தாமான் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களிடம் பிரஷர் மாத்திரையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இப்படித்தான் பதில் வரும். இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வார்கள், கோயிலில் சொல்வார்கள். டாக்டரின் அறையில் மட்டும், "மருந்து சாப்பிடுறீங்களா?" என்ற கேள்விக்கு "சாப்பிடுறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருவார்கள்.

இந்தக் காரணங்களை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலானவை அவரவர் உடம்பு உள்ளபடியே காட்டிய அறிகுறிகள். மருத்துவத்தில் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. வாய் திறந்து சொன்னால்தான் அந்த வழி திறக்கும்.

2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்த பத்துப் பேரில் மூவருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்து மருந்து எடுப்பவர்களிலும் பாதிக்குக் குறைவானவர்களுக்கே அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மருந்துக்குத் தனியாகக் காசு இல்லை. ஆகவே விலை மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

கிளினிக்கில் அளந்து 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் அதை நோய் என்கிறார்கள். மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம். கீழ் எண், இதயம் ஓய்வாக விரியும்போது இருப்பது. கைப்பட்டையை இறுக்கி, ஸ்டெதஸ்கோப்பை வைத்து, ஒலி தொடங்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் குறித்து இந்த இரண்டு எண்களைப் பிடிக்கலாம் என்று 1905இல் சொன்னவர் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ். அதற்கு முன் கைப்பட்டையை இறுக்கி, நாடியைத் தொட்டுப் பார்த்து, மேல் எண்ணைத்தான் கணித்தார்கள்.

"தலை சுத்துறப்ப போட்டுக்குவேன்" என்பவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. அழுத்தம் ஏறினால் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. கழுத்துத் தமனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால், அவை அந்த உயரத்தையே இயல்பென்று ஏற்றுக்கொள்ளும். 170இல் நடமாடும் உடம்பு எந்தப் புகாரும் சொல்லாது. அதே உடம்பில் மருந்து வேலை செய்து 135க்கு இறங்கும்போதுதான் முதல் சில வாரங்கள் அசதியும் கிறுகிறுப்பும் வரலாம். "மருந்து போட்டாத்தான் மயக்கமா இருக்கு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அந்த உணரிகள் கீழே இறங்கிப் பழகும்வரை பொறுக்க வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், சற்று உட்கார்ந்து எழ வேண்டும். மயக்கம் நீடித்தால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கட்டுப்படுத்தாத அழுத்தம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சாட்சி: அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1941இல் ரத்த அழுத்தம் 188க்கு 105 இருந்தது. அந்தக் காலத்தில் இதற்கு நல்ல மருந்தும் இல்லை, பெரிய கவலையும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று கடுமையாகத் தலை வலிக்கிறது என்றவர் மூளையில் ரத்தம் கசிந்து அன்றே இறந்துபோனார். உலகின் மிகப் பெரிய அதிகாரத்தில் இருந்தவருக்குக் கிடைக்காத மாத்திரைகள் இன்று அம்பாங்கான் கிளினிக்கின் மருந்து முகப்பில் கிடைக்கின்றன.

இனி அந்த இருமலுக்கு வருவோம். பெரிண்டோபிரில், எனலாபிரில் வகை மாத்திரைகள் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த குடும்பம். குழாயைச் சுருக்கும் ஒரு பொருள் உடலில் உண்டாவதற்குத் தேவையான நொதியை இவை தடுக்கின்றன. அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு: பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பது. நொதி முடங்கியதும் பிராடிகைனின் தேங்கிச் சிலருக்குத் தொண்டையில் வறட்டு இருமலைக் கிளப்பிவிடும். இருமல் மருந்து எத்தனை புட்டி குடித்தாலும் அது போகாது. டாக்டரிடம் சொன்னால், லோசார்ட்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார். சில வாரங்களில் இருமல் அடங்கிவிடும். இதைச் சொல்லாமல் மருந்தை மட்டும் நிறுத்தியவர்கள், தீரக்கூடிய ஒரு தொந்தரவுக்காகப் பக்கவாதத்தின் பக்கம் போய் நிற்கிறார்கள்.

கால் வீக்கம் பெரும்பாலும் அம்லோடிபினால் வருவது. இந்த மருந்து சிறு தமனிகளைத் தளர்த்தும்; சிரைகளை அந்த அளவுக்குத் தளர்த்தாது. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து, சாயங்காலத்தில் கணுக்காலில் இறங்கும். பார்ப்பவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது போலவே தெரியும். டயாலிசிஸுக்குப் போகும் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு என்பதால் அந்தப் பயம் இயல்பானது. ஆனால் இந்த மருந்தால் வரும் வீக்கம் சிறுநீரகக் கோளாறு கிடையாது. அளவைக் குறைத்தாலோ, இன்னொரு வகை மருந்தைச் சேர்த்தாலோ வடிந்துவிடும். வீக்கத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் காலை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகத்தை மெல்ல அரிப்பது கட்டுக்கு அடங்காத அழுத்தமே. மலேசியாவில் டயாலிசிஸுக்கு வருவோரில் சர்க்கரை நோய்க்கு அடுத்த பெரிய காரணம் இதுதான்.

மறைப்பதில் இன்னோர் ஆபத்து இருக்கிறது. மாத்திரை போடாமலே கிளினிக்குக்கு வந்தவரின் எண்ணைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று டாக்டர் இரண்டாவதை எழுதுவார், அப்புறம் மூன்றாவதை. ஒருநாள் மகளோ மருமகளோ அதட்டி மூன்றையும் ஒரே நாளில் கொடுக்க, பெரியவர் குளியலறையில் விழுவார். அப்பாயின்மெண்டுக்கு இரண்டு நாள் முன்பிருந்து மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அம்லோடிபின் உடலில் முழு அளவுக்குச் சேரவே ஒரு வாரம் ஆகும்.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போய், நிரை நிரையாக மரம் வெட்டி, பால் வாளியைத் தோளில் சுமந்த உடம்பு வேர்வையில் நிறைய உப்பை இழந்தது. கருவாடும் ஊறுகாயும் அந்த வாழ்வோடு ஒட்டிய சாப்பாடு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகின. பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலைகளின் குளிரூட்டிய கூடங்களுக்கும், காவலாளி நாற்காலிக்கும் போனார்கள். வேர்வை குறைந்தது, உப்புப் போடும் கை அப்படியே இருக்கிறது. அதோடு கிச்சாப்பும் இன்ஸ்டண்ட் மீயும் வேறு சேர்ந்துகொண்டன. 2017, 2018இல் நடந்த ஆய்வில் மலேசியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்புச் சாப்பிடுவது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. கூடுதல் உப்பைக் கழிக்கச் சிறுநீரகம் திணறும்போது நீரும் உடன் தங்குகிறது, குழாய்களில் ஓடும் ரத்தத்தின் கன அளவு கூடுகிறது, அழுத்தம் ஏறுகிறது.

நம் சாப்பாட்டை உற்றுப் பார்த்து மருத்துவம் பாடம் கற்ற இடம் இதே சிரம்பான் என்பது பலருக்குத் தெரியாது. நூறாண்டுக்கு முன் நெகிரி செம்பிலானின் தலைமை மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன், தீட்டிய பச்சரிசி தின்ற சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கூட்டம் கூட்டமாகச் சாவதையும், புழுங்கலரிசி தின்ற தமிழர்கள் தப்புவதையும் கவனித்து 1907இல் ஒரு நூல் எழுதினார். அரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் நினைத்தது தவறு. நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டு என்றது சரி. தவிட்டோடு போவது பி1 வைட்டமின் என்று பிறகு தெரிந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விசாரிக்க அன்றைக்கு ஒருவருக்குப் பொறுமை இருந்தது. இன்றைய நெரிசலான கிளினிக்கில் அந்த விசாரணைக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் வீட்டில் சமைப்பவரையும் உள்ளே அழைத்துப் போவது நல்லது. பாதி வேளைகளில் உப்பைத் தீர்மானிப்பது மருமகளின் கையோ ஒட்டுக்கடையோதான்.

உப்பையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. சீனாவின் கிராமப்புறங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. சோடியத்தில் கால்பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்தார்கள். பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களும், முன்னே சொன்ன பெரிண்டோபிரில், லோசார்ட்டான் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும்.

வீட்டில் அளக்கும் கருவி வாங்கித் தர முடிந்த பிள்ளைகள் மேல்கையில் கட்டுவதை வாங்கித் தாருங்கள். கைப்பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். தேநீர் குடித்து அரைமணி நேரம் ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு அளந்து எழுதி வையுங்கள். கிளினிக்கில் வரிசையில் நின்ற படபடப்பில் 160 வந்தவருக்கு வீட்டில் 130 வரலாம். வீட்டு அளவில் 135க்கு 85 என்பதே எல்லை. அந்தத் தாளைப் பார்த்தால் டாக்டருக்கும் தெளிவு பிறக்கும்.

தைப்பூச விரதம், மாலை போட்ட நாள்கள் என்று காலை மாத்திரையை விடுபவர்கள் ஏராளம். பிரிட்டனில் 21,000க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். காலையில் முடியாதவர் டாக்டரிடம் சொல்லி இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சிறுநீர் அதிகம் பிரிக்கும் மாத்திரையை மட்டும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் போட்டால் தூக்கம் கெடும், இருட்டில் கழிவறைக்கு எழுந்து விழவும் நேரும். பத்துமலைக்கு நெடுந்தூரம் பஸ்ஸில் போகிற அன்று அதை எப்போது போடுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.