காஸ் போடும் கடையும் வீட்டுக் கணக்கும்

அமெரிக்காவில் பெட்ரோலை 'காஸ்' என்றுதான் சொல்லுகிறார்கள். நாம் சமைக்கிற காஸ் இல்லை, காருக்குப் போடுகிற காஸ்! நாங்கள் இருப்பது டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸ் பக்கம். பள்ளிக்கூடம், டாக்டர், மளிகை எல்லாவற்றுக்கும் கார்தான். வாடகைக்கும் மளிகைக்கும் அடுத்தபடி கையைக் கடிப்பது இந்தச் செலவுதான். இங்கே குடித்தனம் நடத்துகிற, அல்லது நடத்த வரப்போகிற சகோதரிகளுக்கு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஊரில் இருப்பது போலத் தனிப் பெட்ரோல் பங்க் இங்கே குறைவு. பால், ரொட்டி, காப்பி விற்கிற சின்னக் கடை, அதன் வாசலிலே பம்புகள். நாட்டில் விற்கிற காஸில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பங்கு இப்படிப்பட்ட கடைகளில்தான் போகிறது. இந்தக் கடைகளுக்குப் பிள்ளையார் சுழி போட்டதும் எங்கள் டல்லாஸ்தான். 1927-ல் ஐஸ் கட்டி விற்ற கம்பெனி ஒன்று கூடவே பால், முட்டை, ரொட்டியும் விற்க ஆரம்பித்தது. அதுவே வளர்ந்து 'செவன் இலெவன்' ஆயிற்று.

ஒரே சாலையில் நாலு கடை, நாலு விலை. குறைந்த விலைக் காஸ் மட்டமா? அதிக விலைதான் ஒசத்தியா?

நம் சமையலை வைத்தே சொல்கிறேன். குழம்பு ஒரே பானைக் குழம்பு, தாளிப்புதான் வேறு! பெரும்பாலும் எல்லாக் கம்பெனிகளின் பெட்ரோலும் பொதுவான குழாய் வழியாகவே வந்து ஒரே கிடங்கில் சேர்கிறது. அங்கே டாங்கர் லாரியில் ஏற்றும்போதுதான் அந்தந்தக் கம்பெனிக்குரிய மருந்தைச் சேர்க்கிறார்கள். அளவு என்னவோ ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் இஞ்சினுக்குள் கரி படியாமல் அலம்பி வைக்கிற வேலை அதனுடையது. பாத்திரத்துக்கு சோப்புப் பொடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மருந்து குறைந்த அளவாவது இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க அரசு 1995-லிருந்து சட்டம் வைத்திருக்கிறது. அந்த அளவு போதாது என்று சில கார் கம்பெனிகள் 2004-ல் 'டாப் டியர்' என்று ஒரு தரத்தைக் கொண்டுவந்தன. அதற்குச் சம்மதித்த கடைகள் கூடுதலாக மருந்து சேர்க்கின்றன. பம்பில் அந்தப் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எண்ணெய்க் கம்பெனிகளுக்கு மட்டும் உரியது இல்லை இது. மலிவாக விற்கிற காஸ்ட்கோவும், எங்கள் பக்கத்துக் க்விக்ட்ரிப் கடைகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

வித்தியாசம் நிஜந்தானா? 'ட்ரிபிள் ஏ' என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-ல் சோதித்துப் பார்த்தது. 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமாக இஞ்சினை ஓட்டியதில், டாப் டியர் அல்லாத காஸ் சராசரியாக 19 மடங்கு அதிகக் கரியை வால்வுகளில் படியவிட்டதாம்! அப்போது விலை வித்தியாசமோ காலனுக்குச் சராசரி 3 சென்ட்தான். (ஒரு காலன் சுமார் மூன்றே முக்கால் லிட்டர்.) பன்னிரண்டு காலன் போட்டால் 36 சென்ட். இது செலவழிக்கத் தகுந்த காசு.

செலவழிக்கத் தேவையில்லாத காசும் ஒன்று உண்டு. அதுதான் 'பிரீமியம்'.

பம்பில் 87, 89, 93 என்று மூன்று பொத்தான்கள் இருக்கும். அவை சுத்தத்துக்கான மார்க் இல்லை. இஞ்சினுக்குள் பெட்ரோல் முந்திக்கொண்டு வெடித்து 'டொக் டொக்'கென்று இடிக்காமல் தாங்குகிற சக்தி, அவ்வளவுதான். ஊரில் 91 என்று பார்த்துப் பழகியவர்கள் 87-ஐ மட்டமென்று நினைக்க வேண்டாம். கணக்குப் போடும் விதம் வேறு. அந்த 91-ம் இந்த 87-ம் ஏறத்தாழ ஒன்றுதான்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. வீட்டுக்காரருக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். பச்சை உடம்புக்காரி, தனக்குப் பழமும் பாலும் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு காருக்கு மட்டும் 93-தான் போடுவாள். "குழந்தை போற வண்டியாச்சே அக்கா, நல்லதா போட வேண்டாமா?" என்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை. காரோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். இரண்டு பேருமாகத் தேடினோம். '87' என்று தெளிவாகப் போட்டிருந்தது! எங்கள் பக்கம் பிரீமியத்துக்குக் காலனுக்கு அரை டாலருக்கு மேலேயே கூடக் கொடுக்க வேண்டும். வாரம் பன்னிரண்டு காலன் என்றால் மாதம் 24 டாலருக்குக் குறையாது. "முதல்லே உன் உடம்பைப் பாரும்மா, அந்தக் காசுக்குப் பழம் வாங்கு" என்றேன். 87 கேட்கிற காருக்கு 93 போடுவதால் பலன் இல்லை என்றுதான் ட்ரிபிள் ஏ சங்கமும் சொல்கிறது. பிரீமியம் கட்டாயம் என்று புத்தகத்தில் போட்டிருந்தால் மட்டும் அதை மீறாதீர்கள்.

'சேர்க்கிற மருந்து' என்றதுமே நல்லது என்றும் நம்பிவிடக் கூடாது. இஞ்சின் இடிக்காமலிருக்க 1923 முதல் ஈயத்தைத்தான் பெட்ரோலில் கலந்தார்கள். அந்தப் புகை குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் விஷம். சாலையில் ஓடும் வண்டிகளுக்கு அமெரிக்கா அதை முற்றிலும் தடை செய்தது 1996-ல். நம் இந்தியா 2000-ல். கடைசியாக விட்ட நாடு அல்ஜீரியா, 2021-ல்.

இனி, காஸ் போடும்போது கவனிக்க வேண்டியவை:

* பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல். ஆனால் சில கம்பெனிகளில் பெட்ரோலுக்கும் பச்சைதான். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படியுங்கள்.

* காஸ் பாயும்போது காருக்குள் ஏறி உட்கார்ந்து இறங்காதீர்கள். துணி உரசி உண்டாகும் மின்பொறி ஆவியில் பற்றிக்கொள்ளலாம். குழந்தைகள் காருக்குள்ளேயே இருக்கட்டும்.

* டப்பாவில் பிடிப்பதானால் தரையில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

* கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

* ரசீதை ஒரு வாரமாவது வைத்திருங்கள். காஸ் போட்ட கையோடு வண்டி திணறினால் புகார் செய்ய உதவும். டெக்ஸாஸில் இதற்கென்று மாநில லைசென்ஸ் இலாகாவே இருக்கிறது.

கடையின் பெயரையும் விளக்கு அலங்காரத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். காரின் புத்தகம் என்ன எண் கேட்கிறதோ அந்த எண், பம்பில் டாப் டியர் முத்திரை. இந்த இரண்டும் போதும். மிச்சப்படும் காசு வீட்டுக்கு, முக்கியமாக உங்கள் வயிற்றுக்கு!