அரை மணி நேரத்தில் கறுக்கிறதா? அது வெறும் மருதாணி இல்லை!

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி, சுங்குடிச் சேலைக்குப் பெயர்போன ஊர். எல்லாச் சாயமும் எல்லா நூலிலும் ஒரே மாதிரி பிடிக்காது என்பது சாயம் போடுகிறவர்களின் பாலபாடம். தலைமுடிக்கும் அதே கணக்குதான். மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி, பருத்தியைவிட பட்டு, கம்பளி, நகம், முடி போன்ற புரதப் பொருள்களில்தான் அழுத்தமாக ஒட்டும். அதன் நிறம் செம்மஞ்சள். நரைத்த முடியில் அதை மட்டும் தடவினால் ஆரஞ்சு அல்லது செம்பு நிறம்தான் கிடைக்கும், கறுப்பு வராது.

அப்படியானால் 'பிளாக் ஹென்னா', 'நேச்சுரல் பிளாக்' என்று விற்கும் பாக்கெட்டுகள் எப்படி அரை மணி நேரத்தில் முடியைக் கறுப்பாக்குகின்றன? பெரும்பாலும் பாரா-ஃபினைலின்டயமின் என்ற ரசாயனத்தால்தான். சுருக்கமாக பிபிடி என்பார்கள். சாதாரண ஹேர் டையிலும் இதுதான் முக்கியச் சரக்கு. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2006-ம் ஆண்டுக்கான 'ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது இதைத்தான். ஒவ்வாதவர்களுக்கு உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்து உச்சந்தலை அரிக்கும், நீர் வடியும், கண் இமை வீங்கி மூடிக்கொள்ளும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அதனால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் இருக்கும் இலைப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'லாசோனியா இனெர்மிஸ்' என்று மட்டும் இருந்தால் மருதாணி. 'இண்டிகோஃபெரா டின்க்டோரியா' என்றால் அவுரி, அதுவும் இலைதான். பிபிடி கலந்த டையில் எச்சரிக்கை வாசகத்தை உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பொருள்பட்டியலே இல்லாத பாக்கெட்டை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், கடையிலேயே வைத்துவிடுவது நல்லது.

கறுப்பு வேண்டுமென்றால் இரண்டு கட்ட வேலை. பொறுமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போயே போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்!

முதல் நாள் இரவே மருதாணிப் பொடியை ஆறிய தேயிலை டிகாஷனில், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து வையுங்கள். லேசான புளிப்பில்தான் நிறமி நன்றாக இறங்கும். திண்டுக்கல் வட்டாரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். கரைப்பதற்கு மட்டுமாவது குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் ஊற வைக்கும் நம் வீட்டுப் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் நிறம் கருமை தட்டும், பழைய காலத்தில் மை தயாரித்ததுபோல.

எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத முடியில் அதைத் தடவி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஷாம்பு வேண்டாம்.

அடுத்தது அவுரி. இதன் குணமே வேறு. அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பத்து பதினைந்து நிமிடத்திலேயே தடவ ஆரம்பித்துவிட வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால் சாயம் முடியில் பிடிக்காது. எலுமிச்சையும் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அலசும்போது முடி பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டு ஓரிரு நாளில் கருமைக்கு வந்துவிடும். அதுவரை ஷாம்பு போடாதீர்கள். திங்கட்கிழமை கல்யாணம் என்றால் ஞாயிறு இந்த வேலை வேண்டாம், வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

இலைதானே என்று அலட்சியமும் கூடாது. அபூர்வமாக மருதாணியோ அவுரியோகூடச் சிலருக்கு ஒவ்வாது. குழைத்ததில் துளி எடுத்து காதுக்குப் பின்னால் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போவது நல்லது. ஜி-6-பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மருதாணி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். கைக்குழந்தைக்கு மருதாணி வைக்கும் ஆசையைத் தள்ளிப் போடுங்கள்.

ஏற்கெனவே டை போட்டு முகம் வீங்கியிருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. தலையை நன்றாக அலசிவிட்டு, பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மீதமுள்ள டையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிபிடி வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சை அடைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இந்த இலைச் சாயம் சட்டென்று வெளுத்துவிடாது; புதிதாக வளரும் வேர்ப்பகுதிதான் வெள்ளையாகத் தெரியும். அடுத்த முறை தலை முழுக்கப் பூச வேண்டியதில்லை, வகிடு எடுத்து வேரில் மட்டும் தடவினால் போதும்.