கண்ணுக்கு முன்னே காது அஞ்சும்

ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். இருட்டுகிறது, மழை பிடித்துக்கொள்கிறது, கண்ணாடியில் வைப்பர் ஆடுகிறது. முதலாளி வங்கியில் கட்டச் சொன்ன 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். ஊரில் இப்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறாள். ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் வரும் காட்சி இது. பின்னணி இசையை எடுத்துவிட்டால் திரையில் இருப்பது இவ்வளவுதான்: களைத்துப்போன ஒரு முகம், நனைந்த ஒரு சாலை.

இசையோடு பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. அவள் பயப்படுவது போலீசுக்கு. நாம் பயப்படுவது வேறு எதற்கோ. எதற்கென்று நமக்கே தெரியாது. படத்தில் அதுவரை ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. டைட்டிலில் விரட்டி விரட்டி ஒலித்த அதே இசையை இங்கே மறுபடி ஓடவிட்டிருக்கிறார் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். கதை சொல்லாத ஒன்றை இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒரு த்ரில்லரில் இசையின் முதல் வேலை இதுதான் என்பேன். கண்ணுக்கு எட்டாத செய்தியைக் காதுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

'சைக்கோ'வுக்கு ஹெர்மன் வைத்துக்கொண்டது தந்திக் கருவிகள் மட்டுமே. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ். திகில் படம் என்றாலே தேடிப்போகும் முரசும் ஊதுகருவிகளும் கிடையாது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளையிலேயே இசை வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்தப் பெண் குளியலறையில் கொல்லப்படும் காட்சிக்கு இசையே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் முடிவு. ஹெர்மன் கேட்கவில்லை, எழுதி ஒலிப்பதிவு செய்து போட்டுக்காட்டினார். கேட்ட பிறகு ஹிட்ச்காக் மனம் மாறினார். படத்தின் பாதிப்பில் மூன்றில் ஒரு பங்கு இசையால் வந்தது என்று அவரே சொன்னதாகக் குறிப்பு உண்டு.

அந்தக் கொலை இசையில் ஒரு நுட்பம் இருக்கிறது. வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை மேல் 'மியூட்' என்ற சிறு கவ்வியைச் செருகினால் நாதம் அடங்கி, மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். படம் நெடுக ஹெர்மன் அந்தக் கவ்வியைப் போட்டே வாசிக்கவைத்தார். குளியலறைத் திரை விலகும் இடத்தில் மட்டும் கழற்றச் சொன்னார். அதுவரை அடங்கிய ஒலிக்குப் பழகியிருந்த காதில், உச்ச சுரங்கள் வெறும் தந்தியிலிருந்து, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, வில்லின் வெட்டு வெட்டான இழுப்பில் வந்து விழுகின்றன. கத்தி சதையில் பாய்வதைக் காட்சி ஏறக்குறைய காட்டுவதே இல்லை. குத்துவது வயலின்தான்.

ஏன் அது வலிக்கிறது? கீபோர்டு இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். 'ச'வையும் அதை ஒட்டியிருக்கும் சுத்த ரிஷபத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ஒலி நடுங்கும். 'ச' 262 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்த கட்டை ஏறத்தாழ 277. வித்தியாசம் 15, விநாடிக்கு அத்தனை முறை ஒலி ஏறி இறங்குகிறது. நம் உட்செவியின் நத்தைச்சுருளில் இந்த இரண்டு அதிர்வெண்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தை அசைப்பதால் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடிவதில்லை. அதே இரு சுரங்களை இரண்டு ஸ்தாயி மேலே கொண்டுபோய் அழுத்தினால் நடுக்கம் விநாடிக்கு 60 முறையைத் தாண்டுகிறது. இப்போது அது நடுக்கமாகக் கேட்காது, சொரசொரப்பாக உறுத்தும்.

லூக் அர்னால், டேவிட் போப்பல் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சொரசொரப்பின் வேரைக் காட்டியது. மனிதன் அலறும்போது ஒலியின் வலு விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சு இந்த எல்லைக்கு வருவதில்லை. அலாரங்கள் வருகின்றன. அத்தகைய ஒலி பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப் பகுதியைத் தூண்டுவதையும் அவர்கள் கண்டார்கள். ஆக, உச்ச ஸ்தாயியில் சுரங்கள் உரசும்போது நம் மூளை இசையை ரசிப்பதற்கு முன்பே ஓர் அலறலைக் கேட்டுவிடுகிறது. மர்மட் என்ற, அணில் குடும்பத்து விலங்கின் கூச்சலை ஆராய்ந்த டேனியல் ப்ளூம்ஸ்டைன், சகாக்களோடு 102 திரைப்படங்களின் ஒலித்தடங்களை அலசி 2010இல் எழுதியதும் இதை ஒட்டியே வருகிறது. பிடிபட்ட விலங்கின் கத்தலில் இருக்கும் அதே கரடுமுரடு, திகில் படங்களின் ஒலியில் கூடுதலாக இருந்தது. எந்தப் பரிசோதனைக்கூடமும் இல்லாமல், காதை மட்டும் நம்பி, அரை நூற்றாண்டுக்கு முன்பே ஹெர்மன் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஆனால் உறுத்தல் மட்டுமே திகிலாகிவிடாது. 'ஜாஸ்' (1975) படத்தில் ஜான் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது அடுத்தடுத்த இரண்டே கீழ் சுரங்கள். மெல்லத் தொடங்கி, இடைவெளி குறைந்து, வேகம் பிடிக்கும். படத்தின் பெரும்பகுதியில் சுறா கண்ணில் படாது. அந்த இரண்டு சுரங்கள் கேட்டால் அது வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பையன்கள் அட்டைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு கடற்கரையைக் கலங்கடிக்கும் காட்சியில் அந்த இசை வராது. பொய்ச் சுறாவுக்கு இசை இல்லை. பார்ப்பவர் மனம் இந்த விதியைக் கற்றுக்கொண்டு நம்பியிருக்கும் வேளையில், ஒருவர் படகிலிருந்து இரையை அள்ளி வீசும்போது, எந்த இசையும் இல்லாமல் நிஜச் சுறா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுகிறது. காது காவல் காக்கும் என்று நம்பியிருந்த அரங்கத்துக்கே தூக்கிவாரிப்போடுகிறது.

ஒலியில்லாத இடத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. ஹிட்ச்காக் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் பின்னணி இசையையே விட்டுவிட்டார். ஆஸ்கர் சாலா ட்ரௌடோனியம் என்ற மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவைக் கூச்சலும் இடையிடையே வரும் கனத்த அமைதியும்தான் அந்தப் படத்தின் ஒலி. ஒலி ஆலோசகராகப் பெயர் வந்தது அதே ஹெர்மனுக்கு.

நம் த்ரில்லர்களுக்கு ரீ-ரெக்கார்டிங் செய்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். கதவு திறந்தாலும் 'டமார்', நாயகன் திரும்பினாலும் 'டமார்' என்று முதல் ரீலிலிருந்து முழங்கிக்கொண்டே இருந்தால், காது சலித்துப்போய் எதையும் எதிர்பார்ப்பதை நிறுத்திவிடும். எந்த இடத்தில் இசை வரும் என்பதைப் பார்ப்பவருக்குக் கற்றுக்கொடுங்கள். கொலைக்கு முந்தைய பத்து விநாடியை எங்களுக்கு வெறுமையாக விடுங்கள்.