நாகம்மாளுக்குப் பங்கு உண்டா?

கொங்கு மாணவர்கள் ஒரு செவ்வியல் நாவலுக்குத் தங்கள் படைப்பால் பதில் சொல்ல வேண்டுமென்றால், அதற்குத் தோதான நூல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. கு.ப. ராஜகோபாலனின் முன்னுரையோடு 1942இல் வெளிவந்த இதைத் தமிழின் முதல் வட்டார நாவல் என்று சொல்வோர் பலர். கைம்பெண்ணான நாகம்மாள் மகளோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். புருசனின் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள். ஊர்க்காரன் கெட்டியப்பன் அவள் பக்கம் நிற்கிறான். சின்னப்பன் கொல்லப்படுவதில் கதை முடிகிறது. சிறிய நாவல் என்பதும் வகுப்புக்கு வசதி.

இப்படியொரு நூலைப் படித்தவரிடம் கதைச்சுருக்கம் கேட்பது பழைய வழக்கம். சுருக்கத்தை இன்று கைப்பேசியே தந்துவிடும். புத்தகத்தைத் தொடாமலே மதிப்பெண் வாங்கலாம். வாசகர் தன் அனுபவத்தோடு வந்து பிரதியைச் சந்திக்கும்போதுதான் இலக்கியம் நிகழ்கிறது என்று அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இலேயே வாதிட்டார். நாடகம், விசாரணை, மாற்று முடிவு, சொல்லடைவு என்று வகுப்பறைகளில் நடக்கும் செயல்திட்டங்களுக்கு அந்த வாதம் ஓர் அடிப்படை.

‘நாகம்மா’ளுக்கு மிகப் பொருந்துவது வழக்கு விசாரணை. கொலை வழக்கை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினை வழக்கை எடுப்பது நல்லது. நாவலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தில் கைம்பெண்ணுக்குச் சோறும் துணியும் உண்டு, பங்கு கிடையாது என்பதே பழைய நிலை. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவனின் பங்கை ஆயுள்காலம் வரை அனுபவிக்கவும், பிரித்துக் கேட்கவும் அவளுக்கு உரிமை தந்தது. ஆனால் மாகாணங்களில் இருந்த விவசாய நிலத்துக்கு அச்சட்டம் செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது 1947இல். முழு உரிமைக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக நாவல் வெளிவந்த ஆண்டில் நாகம்மாள் கோர்ட்டுக்குப் போயிருந்தால், காட்டில் ஒரு சால்கூட அவளுக்குக் கிடைத்திருப்பது சந்தேகம். இதைத் தெரிந்துகொண்டு படிக்கும் மாணவருக்கு அவள் ‘அடங்காதவள்’ மட்டுமாகத் தெரியமாட்டாள். வாதி, பிரதிவாதி இரு தரப்பும் நாவலில் உள்ள பேச்சையும் செயலையும் மட்டுமே சாட்சியமாகக் காட்டலாம் என்று விதி வைத்தால், புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

மாற்று முடிவு எழுதுவதற்குக் கொங்குநாட்டிலேயே பெரிய முன்மாதிரி உண்டு. 2010இல் வந்த தன் ‘மாதொருபாகன்’ நாவலிலிருந்து பெருமாள்முருகன் இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ‘ஆலவாய’னில் நாயகன் காளி இறந்துவிடுகிறான், ‘அர்த்தநாரி’யில் பிழைத்திருக்கிறான். ஒரே விதையிலிருந்து இரண்டு கதைகள். சின்னப்பன் சாகாமல் தப்பினால் அவன் மனைவி ராமாயி என்ன செய்வாள், நிலம் யாருக்குப் போகும் என்று யோசிக்கிற மாணவர் அந்த வழியில்தான் நடக்கிறார். சுபமாக முடித்துவிடும் ஆசையை மட்டும் ஆசிரியர் தடுக்க வேண்டும்.

பாத்திரத்தின் நாட்குறிப்பு எழுதச் சொல்வது எங்கும் புழங்கும் பயிற்சி. 1940களின் கிராமத்துப் பெண்ணை மேசை முன் உட்காரவைத்து டைரி எழுதச் செய்வது கொஞ்சம் வேடிக்கைதான். ராமாயியின் ஒப்பாரியாகவோ, உடுக்கடிப் பாட்டாகவோ செய்யலாம். அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடிக் கேட்ட நாடு இது.

நாவலின் வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் சொல்லடைவு மெனக்கெட வேண்டிய வேலை, பலனும் அதிகம். சண்முகசுந்தரத்தின் படைப்புகளை ஆய்வுசெய்த பெருமாள்முருகன்தான் பின்னர் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் தொகுத்தார். கோவை உக்கடத்தில் வளரும் பிள்ளைகள் பலருக்கு உருதும் மலையாளமும் காதில் விழும் அளவுக்குக் கட்டுத்தரை, சாளை, ஒறம்பறை போன்ற சொற்கள் விழுவதில்லை. பொள்ளாச்சி, பழனிப் பக்கத்திலிருந்து வரும் பஸ்கள் நிற்கும் உக்கடம் பேருந்து நிலையத்தில் வயதானவர்களிடம் கொஞ்ச நேரம் பழமை பேசினால் பாதி அகராதி நிறைந்துவிடும்.

படம் வரைவதைச் சோம்பேறிகளின் தேர்வு என்று ஒதுக்குவோர் உண்டு. வங்க நாவலான ‘பதேர் பாஞ்சாலி’யின் சிறுவர் பதிப்புக்கு ஓவியம் வரைந்தபோதுதான் சத்யஜித் ராய்க்கு அதைப் படமாக்கும் எண்ணம் வந்தது, படம் 1955இல் வெளியானது. அதே நாவலைத் தமிழாக்கியவரும் சண்முகசுந்தரம்தான். அட்டைப்பட நகல் வேண்டாம். ஒரு காட்சியில் யார் எங்கே நிற்கிறார்கள், யார் முகம் திரும்பியிருக்கிறது என்பது வரைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உக்கடம் குடியிருப்புச் சுவர்களில் உள்ள பெரிய ஓவியங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொல்வதும் பாடம்தான்.

மதிப்பெண் போடுவதில்தான் பெரும்பாலும் கோளாறு. தெர்மாகோலும் மினுக்குத் தாளும் பரிசை அள்ளிக்கொண்டு போகின்றன. எந்தச் செயல்திட்டத்தோடும் ஒரு பக்கக் காரணக் குறிப்பு கேட்க வேண்டும்: இந்த முடிவை எடுக்க நாவலின் எந்தப் பகுதி இடம் கொடுத்தது? பாதி மதிப்பெண்ணை அந்தப் பக்கத்துக்கே ஒதுக்கலாம். நாவலைப் படிக்காதவரால் எழுத முடியாத பக்கம் அது ஒன்றுதான்.