பச்சைக் கோட்டும் ஒரு கையெழுத்தும்

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 14. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அகஸ்டா நகரில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் இறுதி நாள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45ஆவது பிறந்த நாளும்கூட. முதல் குழியிலேயே இரண்டாவது அடியில் பந்தை உள்ளே செலுத்தி அவர் வியப்பூட்டினார். சூழ்ந்திருந்த கூட்டம் பிறந்த நாள் வாழ்த்துப் பாடியது. ஆட்டம் முடிந்தபோது, நான்கு நாள் கணக்கில் அவரும் அமெரிக்கரான பாப் கோல்பியும் 277 என்ற சமநிலையில் இருந்தனர். விதிப்படி மறுநாள் இருவரும் மீண்டும் மோதியிருக்க வேண்டும். அந்த ஆட்டம் நடைபெறவேயில்லை.

கோல்ஃப் பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பந்தை எத்தனை முறை அடித்துக் குழியில் சேர்க்கிறோம் என்பதே இவ்வாட்டத்தின் கணக்கு. எண்ணிக்கை குறையக் குறைய மேன்மை. கணக்கை ஓர் அட்டையில் எழுதுபவர் நடுவர் அல்லர். உடன் ஆடும் போட்டியாளர். ஆடியவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் திருத்தம் இல்லை. உண்மையைவிடக் குறைவான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார்; கூடுதலான எண்ணுக்குக் கையெழுத்திட்டால் அந்த எண்ணே நிலைக்கும்.

அன்று 17ஆவது குழியை டி விசென்சோ மூன்றே அடிகளில் முடித்ததைத் தொலைக்காட்சியில் பெருந்திரளானோர் கண்டனர். உடன் ஆடிய டாமி ஆரன் அட்டையில் நான்கு என்று எழுதிவிட்டார். கடைசிக் குழியில் ஓர் அடியை வீணாக்கிய வருத்தத்தில் இருந்த டி விசென்சோ, அதைக் கவனியாது கையெழுத்திட்டார். 65 ஆக இருக்க வேண்டிய அன்றைய கணக்கு 66 ஆயிற்று, மொத்தம் 278. கோல்பி வெற்றியாளர் ஆனார். டி விசென்சோ எவரையும் பழிக்கவில்லை. தம் அறியாமையையே நொந்துகொண்டார். கோல்பியின் நிலையும் இரங்கத்தக்கதே. பிழை ஏதும் செய்யாத அவருடைய வெற்றி, பிறர் பிழையால் வந்ததாகவே நெடுங்காலம் பேசப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1973இல், அதே ஆரன் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். அவ்வாண்டின் இறுதி நாளில் அவருடைய அட்டையில் உடன் ஆடியவர் ஒரு குழிக்கு ஓர் அடி கூடுதலாக எழுதியிருந்தார். ஆரன் அதைக் கண்டுபிடித்துத் திருத்திய பின்னரே கையெழுத்திட்டார்.

இப்போட்டியைத் தோற்றுவித்த பாபி ஜோன்ஸ் வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் தம் பந்து சற்றே அசைந்ததென்று கூறி, வேறு எவரும் காணாத நிலையிலும் தமக்குத் தாமே ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். அதனால் சமநிலை ஏற்பட்டு, மறு ஆட்டத்தில் ஒரே ஓர் அடியில் பட்டத்தை இழந்தார். இதைப் பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவரைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் விடையளித்ததாகக் கூறுவர். வங்கி இதழில் இதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

ஜோன்ஸ் வழக்கறிஞர், பரிசுப் பணம் பெறாமல் ஆடியவர். 1930இல் அக்காலத்தின் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்று, 28 வயதிலேயே ஓய்வு பெற்றார். நியூயார்க் நிதித்துறையைச் சேர்ந்த கிளிஃபர்ட் ராபர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து அகஸ்டாவில் 365 ஏக்கர் நிலத்தை வாங்கினார். ஒரு காலத்தில் அவுரி பயிரான நிலம் அது. பின்னர் புகழ்பெற்ற மரக்கன்றுப் பண்ணையாக இருந்தது. அந்நினைவாக 18 குழிகளுக்கும் செடிகொடி மரங்களின் பெயர்களே வழங்குகின்றன. எட்டாவதன் பெயர் மஞ்சள் மல்லிகை. ஆடுகளத்தை ஜோன்ஸுடன் இணைந்து வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, 1934 மார்ச்சில் நடந்த முதல் போட்டியைக் காணாமலேயே அவ்வாண்டு ஜனவரியில் மறைந்தார். மாஸ்டர்ஸ் என்ற பெயர் ஆணவமாகத் தோன்றுகிறதென்று ஜோன்ஸ் தயங்கியதால், 1939இல்தான் அது அதிகாரப்பூர்வமாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது மூன்று ஆண்டுகள் போட்டி நின்றது. அக்காலத்தில் ஆடுகளத்தில் மாடுகள் மேய்ந்தன.

பச்சைக் கோட்டு முதலில் வெற்றியாளருக்கு உரியதன்று. பார்வையாளர்கள் ஐயம் கேட்க வசதியாக, மன்ற உறுப்பினர்கள் 1937 முதல் அணிந்த அடையாள உடை அது. 1949இல் சாம் ஸ்னீட் வென்றபோதுதான் வெற்றியாளருக்கும் அணிவித்தனர். முந்தைய ஆண்டு வென்றவர் புதியவருக்கு அணிவிப்பது மரபு. 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜாக் நிக்லாஸே வென்றுவிட்டதால், இரண்டாம் முறை தாமே அணிந்துகொண்டார். கோட்டை ஓராண்டு வீட்டில் வைத்திருக்கலாம். பிறகு மன்றத்திடமே ஒப்படைக்க வேண்டும். 1952இல் பென் ஹோகன் தொடங்கிய வெற்றியாளர் விருந்தும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. உணவு வகைகளை நடப்பு வெற்றியாளரே தேர்ந்தெடுப்பார். களத்தில் எவரும் ஓடக் கூடாது, கைப்பேசி கூடாது. ஆனால் நாற்காலியைப் போட்டுவிட்டு எங்கு சென்று வந்தாலும் அந்த இடம் உங்களுடையதே.

இப்போட்டியில் அழைக்கப்பட்டவர் மட்டுமே ஆட முடியும். இந்தியாவிலிருந்து அவ்வழைப்பை முதலில் பெற்று ஆடியவர், ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் மகன் ஜீவ் மில்கா சிங், ஆண்டு 2007. எனினும் அழைப்பு என்ற சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. 1982 வரை ஆட்டக்காரர்கள் தம் பையைச் சுமக்க மன்றத்தின் உதவியாளர்களையே அமர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது, அவர்களோ கறுப்பினத்தவர். அதே இனத்தைச் சேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் களமிறங்க 1975 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் லீ எல்டர். கறுப்பினத்தவர் ஒருவர் மன்ற உறுப்பினரானது 1990இல். பெண்களுக்கு உறுப்பினர் இடம் கிடைத்தது 2012இல்தான். இடையே 1997இல் 21 வயது டைகர் வுட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் வென்று பச்சைக் கோட்டு அணிந்தார். அதைக் காண எல்டரும் வந்திருந்தார்.

2021ஆம் ஆண்டு போட்டியைத் தொடங்கிவைக்கும் மூவரில் ஒருவராக எல்டரை மன்றம் அழைத்தது. ஜாக் நிக்லாஸும் கேரி பிளேயரும் முதல் பந்துகளை அடித்தனர். 86 வயதான எல்டர் மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் அமர்ந்திருந்தார். பந்தை அடிக்க உடல் இடந்தரவில்லை. பெயர் அறிவிக்கப்பட்டபோது கோல்ஃப் மட்டையைப் பற்றி எழுந்து, கையை உயர்த்திக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார்.