தந்தியைப் பிடிக்கும் முறுக்காணி

வீணையின் பிரடையைத் திருப்பிச் சுருதி சேர்த்தவர்களுக்கு, அந்த மரக்கட்டை தன் துளைக்குள் இறுகி நிற்பது உராய்வின் பலத்தால் மட்டுமே என்பதும், அந்த உராய்வு சற்றுக் குறைந்தாலும் தந்தியின் இழுப்புக்கு இணங்கி அது பின்னோக்கிச் சுழன்றுவிடும் என்பதும் அனுபவத்தில் தெரிந்த விஷயம். எலெக்ட்ரிக் கிதாரின் தலைப்பகுதியில் நிற்கும் உலோக முறுக்காணிகளோ, வாசிப்பவர்கள் பேச்சில் டியூனர்கள், வேறு இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் திருகு வெட்டிய சிறு தண்டு ஒன்று பற்சக்கரத்தோடு கோத்திருக்கிறது. விரலால் குமிழைத் திருப்பினால் தண்டு சக்கரத்தைச் சுழற்றும், ஆனால் தந்தி எவ்வளவு பலமாக இழுத்தாலும் சக்கரத்தால் தண்டைச் சுழற்ற இயலாது. இது இப்படியிருக்க, ‘லாக்கிங் டியூனர்’ என்ற பெயரைக் கேட்டவுடன், சுழலாதபடி பூட்டப்பட்ட முறுக்காணி என்று பொருள் கொள்ளுகிறவர்கள் அநேகர்; நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். முறுக்காணிக்கு அந்தப் பூட்டு எப்போதுமே உண்டு. புதிதாக வந்த சாதனம் பூட்டுவது தந்தியை.

தந்தியைப் பூட்ட வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்று அறிய, 1954-ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிதாரை வெளியிட்டபோது, அதன் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியைப் பொருத்தி, அதை அழுத்தினால் ஆறு தந்திகளும் ஒருசேரத் தளர்ந்து, விட்டால் உடலின் பின்புறத்துச் சுருள்வில்கள் இழுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி அமைத்தார். நாதத்துக்கு அசைவு கொடுக்கும் அந்த உபாயம் கிதார் வாசிப்பின் போக்கையே மாற்றியது. ஆனால் அழுத்திவிட்ட பின் தந்திகள் பழைய சுருதிக்கே திரும்புமா என்ற கவலையையும் கூடவே கொண்டுவந்தது. சாதாரண டியூனரில் தந்தியை, பற்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் தூணின் மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவது வழக்கம். தூணின் குறுக்களவு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் என்றால், மூன்று சுற்றுக்கு 55 மில்லிமீட்டருக்கும் அதிகமான தந்தி அங்கே சுருண்டு கிடக்கிறது. கம்பியை அழுத்தும்போது இழுப்புத் தளர, அந்தச் சுருள்களும் தளர்கின்றன. மறுபடி இழுப்பு ஏறும்போது, முன்பு படிந்த இடத்திலேயே அவை படிய வேண்டும் என்ற நிர்ப்பந்தம் ஏதுமில்லை.

எவ்வளவு சிறிய நகர்வு எவ்வளவு பெரிய கெடுதலைச் செய்யும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது நான் திகைத்துப்போனேன். பெரும்பாலோர் பயன்படுத்தும் மெல்லிய முதல் தந்தியின் கனம் 0.010 அங்குலம், அதாவது கால் மில்லிமீட்டர்; அதற்குரிய சுருதியில் நிற்கும்போது அதன் மேல் ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு இருக்கிறது. அந்த இழுப்பில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், சுருதி அரை ஸ்வரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு இறங்கும். பழகிய செவிக்கு அது நன்றாகவே உறுத்தும். எஃகின் நீட்சியைக் கொண்டு பார்த்தால், அந்த ஒரு பங்கைக் குறைக்கத் தந்தி வழுக வேண்டிய தூரம் மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு, நாம் எழுதும் காகிதத்தின் கனத்தில் பாதி! அரை அடி நீளத்துக்குச் சுற்றி வைத்தால் பத்திரம் என்று எண்ணித் தாராளமாகத் தந்தியைச் சுற்றுகிறவர்கள், பத்திரத்தைத் தேடி அபாயத்தையே சேர்த்துக்கொள்ளுகிறார்கள்.

இதற்கு இரண்டு வழியில் பரிகாரம் தேடினார்கள். 1970-களின் பிற்பகுதியில் ஃபிளாய்ட் ரோஸ் என்பவர், தந்திகள் தலைப்பகுதிக்குள் நுழையும் நட் என்ற இடத்திலேயே அவற்றை இடுக்கிப் பூட்டிவிடும் அமைப்பைச் செய்தார். முரட்டுத்தனமாக வாசிப்பவர்களுக்கு அது பெரும் வரமாயிற்று. ஆனால் ஒரு தந்தியை மாற்றுவதற்கும் ஆலன் சாவியைத் தேட வேண்டிய சிரமம் அதில் உண்டு; சாதாரண கிதாரில் அதைப் பொருத்துவதென்றால் மரத்தையும் வெட்ட வேண்டும். மற்றொரு வழிதான் லாக்கிங் டியூனர். ஓஹியோ மாநிலத்து ஸ்பெர்ஸெல், ஜெர்மனியின் ஷாலர், ஜப்பானின் கோட்டோ முதலியோர் செய்யும் வகைகளுள் நுணுக்கமான பேதங்கள் பல இருந்தாலும், பெரும்பாலானவற்றின் சூட்சுமம் ஒன்றே. தூணின் நடுவே மேலும் கீழுமாக நகரும் ஊசி ஒன்று உண்டு. பின்புறத்திலுள்ள சிறு சக்கரத்தை விரலால் திருகினால், அந்த ஊசி துளைக்குள் நுழைந்த தந்தியை எதிர்ச்சுவரோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்திலிருந்து தந்தி வழுகாது. ஆகையால் சுற்றுக்களும் வேண்டாம். அரைச் சுற்றுக்குள்ளேயே தந்தி சுருதிக்கு வந்துவிடுகிறது.

பொருத்தும் வேலையில் இறங்குமுன் துளையை அளந்துகொள்ள வேண்டும். கடையில் கண்ணைக் கவர்ந்ததை வாங்கிவந்து பிறகு அளப்பது வீண் செலவுக்கு வழி. இக்காலத்து கிதார்களில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் துளை இருக்கும். பழைய முறையைப் பின்பற்றிய கிதார்களில் 9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக இருக்கும். சிறிய துளையைப் பெரிதாக்க முடியும், ஆனால் துளைக்கும் இயந்திரத்தால் அன்று. ரீமர் என்ற கூம்புக் கருவியைக் கையால் மெல்லத் திருப்பி, மேலே பூசிய வார்னிஷ் பெயராமல் அகலமாக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், வயதான, மதிப்புள்ள கிதாரானால் அதைத் தொடவே கூடாது. பழைய துளைக்கே பொருந்தும் லாக்கிங் டியூனர்கள் கிடைக்கும்போது, ஒருமுறை குடைந்தெடுத்த மரத்தைத் திருப்பித்தர யாராலும் முடியாது என்பதை நினைவில் வைப்பது நலம்.

பழையதைக் கழற்றுவது சுலபம். தந்திகளை முழுதும் தளர்த்தி எடுத்தபின், முன்புறத்து அறுகோண மரையை 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் விடுவித்து, பின்புறத்துச் சிறு திருகாணியையும் கழற்றினால், டியூனர் கையோடு வந்துவிடும். புதியதை நுழைத்து, மரையை முதலில் விரலால் மட்டும் ஏற்றி, ஆறும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று அளவுகோலை வைத்துப் பார்த்த பின்பே இறுக்க வேண்டும்; அதுவும் மிகையாக இறுக்கினால் வார்னிஷில் கீற்று விழும். திருகாணி விஷயத்தில்தான் நான் பாடம் கற்றேன். தலைப்பகுதியில் வரும் மேப்பிள் மரம் மிகக் கடினமானது. பழைய திருகாணித் துளைகள் புதிய டியூனருக்கு ஒத்துவராததால், புதுத்துளை இட வேண்டியிருந்தது; அவசரத்தில் மிகச் சிறிய துளை போட்டு அதிலே திருகாணியைப் பலமாகச் செலுத்தினேன். பாதி வழியில் அதன் தலை முறிந்து கையோடு வந்துவிட்டது. உடைந்த தண்டைச் சுற்றி மரத்தைக் குடைந்து வெளியே எடுத்து, அக்குழியில் மரமுளை ஒன்றைப் பசையிட்டு அடைத்து, பசை காயும்வரை ஓர் இரவு காத்திருந்து, மறுநாள் திருகாணியின் உட்தண்டுக்குச் சமமான துளை இட்டு, திருகாணியின் மேல் சிறிது மெழுகையும் தேய்த்துச் செலுத்தியபோது, அது வெண்ணெயில் நுழைவதுபோல் நுழைந்தது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்று ஆறு டியூனர்களும் ஒரே வரிசையில் நிற்கும் தலைப்பகுதிக்கு வரும் சில தொகுப்புகளில், தூண்களின் உயரம் ஒரே அளவாக இராது; முதல் தந்தியை நோக்கிப் போகப்போகக் குட்டையாகும். இதை அலங்காரம் என்று எண்ணிக் கலந்து பொருத்திவிட்டால் பயன் கெடும். சுற்றுக்கள் உள்ள பழைய முறையில், தந்தியைக் கீழ்நோக்கிச் சுற்றி, நட்டின் மேல் அது அழுந்தும்படி செய்துகொள்ளலாம். லாக்கிங் டியூனரில் சுற்றே இல்லாமையால், தந்தி துளையின் உயரத்திலிருந்தே புறப்படுகிறது. தூரத்தில் நிற்கும் தூண் குட்டையாக இருந்தால்தான் அங்கிருந்து வரும் தந்தி நட்டில் படிந்து நிற்கும்.

இனித் தந்தி பூட்டுவது. குமிழைத் திருப்பி, தூணின் துளை நட்டின் பள்ளத்தை நேராக நோக்கும்படி நிறுத்திக்கொண்டு, தந்தியைப் பிரிட்ஜிலிருந்து கொண்டுவந்து துளைக்குள் செலுத்தி, மறுபக்கத்திலிருந்து ஒரு கையால் நன்றாக இழுத்துப் பிடித்தபடியே, மற்றொரு கையால் பின்புறச் சக்கரத்தை இறுக்க வேண்டும். விரலின் பலம் போதும். குறடு கொண்டு இறுக்கினால் ஊசியோ சக்கரத்தின் மரையோ தேய்ந்து, கருவியே பாழாகும். பிறகு தந்தியைச் சுருதிக்கு ஏற்றி, எஞ்சிய நுனியைத் துளையை ஒட்டி நறுக்கிவிடலாம். தடித்த தந்திகளில் நடுக்கம்பியின் மேல் மற்றொரு கம்பி சுற்றப்பட்டிருப்பதால், பூட்டுமுன் நறுக்கினால் அந்தச் சுற்று அவிழ்ந்து, தந்தியின் நாதம் மங்கக்கூடும். ஆகவே பூட்டிய பின்பே வெட்ட வேண்டும். புதுத் தந்தி எந்த டியூனரிலும் சில மணி நேரம் நீண்டுகொண்டே இருக்கும். பன்னிரண்டாம் மெட்டின் அருகில் அதை மெல்ல மேலே இழுத்துவிட்டு, மீண்டும் சுருதி சேர்த்து, இப்படி மூன்று நான்கு முறை செய்தால் அடங்கும். பழையதைக் கழற்றும்போது முதலில் குமிழைத் திருப்பி இழுப்பைக் குறைத்த பின்பே சக்கரத்தைத் தளர்த்த வேண்டும். 7 கிலோ இழுப்பில் நிற்கும் தந்தி திடீரென்று விடுபட்டால் முகத்தில் அடிக்கும்.

இவ்வளவும் செய்த அன்று மாலை, கம்பியை நன்றாக அழுத்திவிட்டுச் சுருதிமானியைப் பார்த்தேன். ஐந்து தந்திகள் தத்தம் இடத்துக்கே வந்து நின்றன. மூன்றாவது தந்தி மட்டும் சற்று ஏறி நின்றது. டியூனரில் வழுகியிருந்தால் சுருதி இறங்கியிருக்க வேண்டுமே தவிர, ஏற நியாயமில்லை. குமிழை மெல்லத் திருப்பிப் பார்த்தபோது, நட்டருகே ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்டது: பள்ளம் தந்தியைக் கவ்விக்கொண்டு, விடும்போது துள்ளி விடுகிறது. பென்சிலின் கரியைப் பள்ளத்தில் தேய்த்தேன். குறை பாதி தீர்ந்தது. மீதியை, வாத்தியப் பழுது பார்ப்பதில் தேர்ந்த ஒருவர், மெல்லிய அரத்தால் அந்தப் பள்ளத்தை இரண்டு முறை வருடித் தீர்த்து வைத்தார்.