பெயர் பெற்ற தென்சாலையும் பெயரில்லாத வடசாலையும்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுப் பிரியும் சென்னைப் புறவழிச்சாலை, நகரத்துக்குள் நுழையாமலே மதுரவாயலையும் அம்பத்தூரையும் கடந்து 32 கிலோமீட்டர் ஓடி, புழலில் வந்து ஜி.என்.டி. சாலையோடு சேர்கிறது. அந்தச் சந்திப்பில் வடக்கே திரும்பும் வண்டிகளை ஒரு விடுமுறை நாள் காலையில் நின்று கவனித்தால், நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் சரக்கேற்றிப் போகும் லாரிகளும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு மாற்றப் போகும் கம்பெனிப் பஸ்களும், கோயிலுக்குப் புறப்பட்ட சில வேன்களும் கண்ணில் படுமேயன்றி, வழி அழகாக இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய குடும்பத்தைக் காண்பது அபூர்வம். அப்படிக் கிளம்பியவர்கள் எல்லோரும் அதே நேரத்தில் நகரத்தின் மறுகோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் சுங்கச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

தெற்கே கடல் இருக்கிறது, அதனால் போகிறார்கள் என்று சொல்லி இந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிட முடியாது. வடக்கேயும் அதே வங்கக்கடல்தான். அதோடு ஏரியும், காயலும், டச்சுக்காரர் கல்லறையும், ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் பூநாரைகளும் உண்டு. தெற்கே போகும் சாலைக்கு ஒரு பெயரும், அந்தப் பெயரைக் காப்பாற்றும் ஆட்களும் கிடைத்தார்கள். வடக்கே போகும் சாலைக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

இயற்கைக் காட்சிச் சாலை என்று உலகத்தில் பிரசித்தி பெற்றவற்றுள் பெரும்பாலானவை, காட்சிக்கென்று புதிதாகப் போடப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வே 1935-இல் தொடங்கி 1987-இல்தான் முழுமை பெற்றது. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு 1919 முதல் 1932 வரை, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் உழைப்பால் உருவாயிற்று. இவை விதிவிலக்குகள். மற்றவை ஏற்கெனவே இருந்த சாலைகளை ஒன்றோடொன்று கோத்து, ஒரு பெயரும் ஒரு சின்னமும் சூட்டி, பிரயாணிகளுக்கு அறிமுகம் செய்துவைத்தவைதாம். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபூசன் வரை செல்லும் ‘ரொமாண்டிக் சாலை’, போரில் சீரழிந்துபோன தேசத்துக்குப் பிரயாணிகளைத் திரும்ப வரவழைக்கும் பொருட்டு, வழியிலுள்ள ஊர்கள் 1950-இல் கூடி ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு. அயர்லாந்து தன் மேற்குக் கரையின் 2,500 கிலோமீட்டர் தூரத்தையும் 2014-இல் ஒரே பெயருக்குள் கொண்டுவந்து, அலை போன்ற ஒரு கோட்டுச் சின்னத்தை வழி நெடுக நட்டது. ஸ்காட்லாந்தின் ‘நார்த் கோஸ்ட் 500’ இன்வர்னஸில் புறப்பட்டு இன்வர்னஸுக்கே திரும்பும் 516 மைல் வட்டம். 2015-இல் அதை அறிவித்தபோது அதற்கெனப் புதுச் சாலை எதுவும் போடப்படவில்லை.

ஆகவே இந்தக் காரியத்தில் தார் ஊற்றுவதைவிடக் கூட்டுச் சேர்ப்பதே கடினமானது. சாலை நெடுஞ்சாலைத்துறையினுடையது; பழைய கோட்டை தொல்லியல் துறையினுடையது; காடும் பறவையும் வனத்துறையினுடையவை; டீக்கடைக்கு அனுமதி கொடுப்பதும் குப்பையை அள்ளுவதும் பஞ்சாயத்து. இவர்களை ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, யார் பலகை வைப்பது, யார் கழிப்பறை கட்டுவது, யார் அதைத் தினமும் கழுவுவது, வரும் பணம் யாருக்குப் போவது என்று எழுத்து மூலமாக முடிவு செய்துகொண்ட பிறகுதான் பெயர் சூட்டுவதில் அர்த்தமுண்டு. அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் தேசியக் காட்சிச் சாலைகளுக்கு ஒரு முறையை வகுத்தபோது, விண்ணப்பிக்கும் சாலைக்குப் பராமரிப்புத் திட்டம் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று ஆக்கியதும் இதனால்தான். அங்கே ஒரு சாலையின் தகுதியை ஆறு குணங்களால் அளக்கிறார்கள்: கண்ணுக்கினிய காட்சி, இயற்கை, சரித்திரம், கலாசாரம், தொல்பொருள், பொழுதுபோக்கு. ஒன்று இருந்தால் தேசிய அந்தஸ்து. இரண்டு இருந்தால் அதற்கும் மேற்பட்ட பட்டம்.

நம்முடைய கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த விதிகளைப் படித்துவிட்டு உருவானதல்ல. ஆனாலும் அதன் கதை கிட்டத்தட்ட இதே வழியில்தான் நடந்தது. கரையோரக் குப்பங்களை இணைத்துக்கொண்டிருந்த சிறு சாலைகளை ஒன்றாக்கி அகலப்படுத்தி 1998-இல் அது முழுச் சாலையாயிற்று. அதே ஆண்டில் அரசின் டிட்கோவும் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்னும் நிதி ஸ்தாபனமும் கூட்டாகத் தொடங்கிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் பிறகு அதன் பராமரிப்பை ஏற்று, 2002 மார்ச் முதல் சுங்கம் வசூலித்தது. மாமல்லபுரம் 1984-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-லும், முதலைப் பண்ணை 1976-லும், தட்சிணசித்ரா 1996-லும் வந்துவிட்டன. தனித்தனியே கிடந்த இவற்றையெல்லாம், குழியில்லாத ஒரு சாலையும் ‘இ.சி.ஆர்.’ என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து ஒரு நாள் பிரயாணமாக மாற்றின. வீட்டுமனை விற்பவரும் ஓட்டல் நடத்துபவரும் தங்கள் விளம்பரங்களில் அந்த எழுத்துகளைத் தாமாகவே போட்டுக்கொண்டார்கள். மத்திய அரசு சுதேச தரிசனத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குக் கடற்கரைச் சுற்று ஒன்றை 2016-17-இல் அனுமதித்தபோதும் அது சென்னை, மாமல்லபுரம், ராமேஸ்வரம், மணப்பாடு, கன்னியாகுமரி என்று தெற்கேதான் இறங்கிற்று. சென்னைக்கு வடக்கே தமிழ்நாட்டுக்குக் கடற்கரை இருப்பது அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும்.

இனி வடக்கே போவோம். புழல், தொண்டைமண்டலத்து இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றுக்குப் பெயர் கொடுத்த ஊர். குறும்பர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டதாகச் சொல்லும் மரபு இன்றும் வழங்குகிறது. ஆதிநாதருக்கு இங்கே பழமையான சமணக் கோயில் உண்டு. சென்னைவாசிக்கோ இவ்வூரின் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வருபவை இரண்டு: 2006-இல் திறந்த மத்திய சிறைச்சாலை, 1876-இல் அமைந்த, 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் குடிநீர் ஏரி. முழுக்கொள்ளளவில் 21.20 அடி நிற்கும் அந்த நீர்ப்பரப்பைக் கரைமேலிருந்து மாலை வெயிலில் பார்ப்பவருக்கு, பின்னால் பெருஞ்சாலை இரைந்துகொண்டிருப்பது சற்று மறந்துபோகும். ஆனால் அது நகரம் குடிக்கும் நீர். படகுச் சவாரி, கரையோரக் கடைகள் என்னும் பேச்சுக்கே இடமில்லை. அதைத் தூர நின்று காட்டுவதற்கு மட்டுமே ஒரு காட்சிச் சாலைக்கு உரிமை உண்டு.

அடுத்தது செங்குன்றம். அரிசி ஆலைகளும் அரிசி மண்டிகளும் நிறைந்த இந்த ஊரிலிருந்து சென்னை நகரத்துச் சாலைகளுக்கு வேண்டிய செம்புரைக்கல்லைக் கொண்டுபோவதற்காக, ஆர்தர் காட்டனின் முயற்சியில் 1837-இல் ஓர் இருப்புப்பாதை ஓடிற்று. பம்பாயில் பிரயாணிகள் ரயில் புறப்பட்டது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை சாலை போடுவதற்காகவே பிறந்தது என்னும் செய்தி, காட்சிச் சாலை ஒன்றின் பிரசுரத்தை எழுதுகிறவருக்குக் கிடைத்தற்கரிய பொக்கிஷம். செங்குன்றத்தில் அதை எடுத்துச் சொல்ல ஒரு கல் நட்டாலே போதும்.

சோழவரத்தையும் காரனோடையில் கொசஸ்தலையாற்றையும் கடந்தால் தச்சூர் கூட்டுச்சாலை. அங்கிருந்து சற்று விலகியிருக்கிற சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை வந்து வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்பது நம்பிக்கை. செவ்வாய்தோறும் அங்கே திரளும் கூட்டத்தை எந்தச் சுற்றுலாத் துறையும் விளம்பரம் செய்து வரவழைக்கவில்லை. ஒரு தெளிவான வாக்குறுதி, ஒரு குறிப்பிட்ட நாள், திரும்பத் திரும்ப வரச் சொல்லும் ஒரு கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை, விளம்பரக் கலை கற்பிக்கும் வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதைவிட இங்கே நின்று தெரிந்துகொள்ளலாம்.

பொன்னேரி தாண்டியதும் நிலம் தாழ்ந்து, உப்பு வாடை அடித்து, பழவேற்காடு வந்துவிடுகிறது. புழலிலிருந்து இது 50 கிலோமீட்டருக்குள்தான். இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது இது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள்; இன்று முட்புதருக்குள் தேட வேண்டிய மேடாக அது கிடக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. அதன் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூடுகள் இரண்டு செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே நுழைகிறவனைப் பார்த்து இளிப்பதுபோல் அவை நிற்க, பின்னால் கப்பல்களும் கேடயங்களும் பொறித்த பெருங்கற்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஊருக்குள் முஸ்லிம் பெண்கள் பனையோலையைச் சாயமேற்றி முடையும் கூடைகளும் பெட்டிகளும் நேர்த்தியில் எதற்கும் குறைந்தவை அல்ல. ஆனால் வழிப்போக்கன் வாங்குவதற்குச் சாலையோரத்தில் அவற்றுக்கென்று கண்ணில் படும்படியான கடை இல்லை. காயலின் வடகரையான ஆந்திரப் பகுதியில், சூலூர்ப்பேட்டையில் பூநாரைகளின் பெயராலேயே அரசு விழா எடுத்துவந்திருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுஜனங்கள் பார்ப்பதற்கு 2019-இல் மாடம் திறந்தாயிற்று. ஒரே காயலின் இரு கரைகளில் ஒன்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது, மற்றொன்று சும்மா இருக்கிறது. அமெரிக்கர்கள் அளக்கும் ஆறு குணங்களில் இந்தச் சாலைக்கு நான்கையாவது தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வடசென்னைக்குக் கூட்டு முயற்சி புதிதல்ல. எண்ணூர் - மணலி சாலைகளை அகலப்படுத்துவதற்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், மாநில அரசு, சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு கம்பெனியையே நிறுவின. அவ்வளவும் கண்டெய்னர் லாரிகளுக்காக. லாரிக்காகக் கூடிய அதிகாரிகள் மனிதர்களுக்காகவும் ஒருமுறை கூடுவதில் சட்டச்சிக்கல் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

தொழிற்சாலைகள் நிறைந்த பிரதேசத்தில் என்ன அழகு என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் ரூர் பள்ளத்தாக்கு பதில் சொல்லும். மூடிப்போன சுரங்கங்களையும் உலைக்களங்களையும் இணைத்து 1999-இல் அங்கே ‘தொழில் பாரம்பரிய வழி’ என ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. 1955-இல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் வளர்ந்தது. அந்த மோட்டார் சைக்கிளில் ஏறி லடாக் வரை போகிற இளைஞர்கள் திருவொற்றியூருக்கு ஒருமுறை வந்ததுண்டா?

ஆனால் ரூரில் பெயர் சூட்டுமுன் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்தது. நாம் அந்த வரிசையை மாற்றலாகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகள், வலைகள், அலையாத்தி மரங்கள் ஆகிய எல்லாவற்றின்மேலும் படிந்ததை ஊரறியும். அனல் மின்நிலையச் சாம்பல் கழிமுகத்தில் கலப்பது பல்லாண்டுப் புகார். இவற்றின் நடுவே ‘எழில் வழி’ என்று பலகை நட்டால், அங்கே வாழ்கிறவர்கள் அதைப் பரிகாசமென்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே முதற்கட்டமாகப் புழல் - பழவேற்காடு வழியை மட்டும் எடுத்துக்கொள்வதே விவேகம். எண்ணூரை, சுத்தம் செய்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

புகழினால் வரும் கஷ்டமும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஒற்றைத் தடச் சாலைகளில் வீடு போன்ற வண்டிகள் மோதிக்கொண்டு நிற்பதையும், கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பதையும் சகிக்க முடியாமல் உள்ளூர்வாசிகள் முறையிட்டார்கள். பழவேற்காட்டுக்கு இதைவிடக் கொடிய அனுபவம் இருக்கிறது: 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. உயிர்காப்பு அங்கி, படகுக்கு இத்தனை பேர் என்னும் வரையறை, அதைப் பார்ப்பதற்கு ஓர் ஆள் ஆகியவை இல்லாமல் கூட்டத்தை மட்டும் வரவழைப்பது குற்றத்துக்குச் சமம்.

அந்த ஒழுங்குக்கு வெளிநாட்டு மாதிரியைத் தேடிப் போக வேண்டியதில்லை. காயலில் எந்த இடத்தில் எவர் எந்த நாளில் வலை வைப்பது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாட்டை இந்த மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திவருகிறார்கள். பிரயாணிகளை ஏற்றும் படகுக்கும், வண்டி நிறுத்துமிடத்துக்கும், கூடைக்கடைக்கும் அதே முறையில் பாடு வைத்து வருமானத்தைப் பகிர்ந்துகொள்ள கிராம சபைகள் சம்மதித்தால், சுற்றுலாத் துறையின் பங்கு சிறியதாகிவிடும்: பறவைகள் வரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டும் வார இறுதிகளில் மாதவரம் பேருந்து நிலையத்திலிருந்து வண்டி விடுவது; புழல் ஏரி திறந்து நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், சடையங்குப்பம் பக்கம் உபரிநீர் ஓடும் நாட்களில் அந்த வண்டியை நிறுத்துவது; பலகைகளைத் தமிழிலும், எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்காகத் தெலுங்கிலும் எழுதுவது. இதற்கான செலவு, மேம்பாலம் ஒன்றின் ஒரு தூணுக்கு ஆகிற செலவைத் தாண்டாது.